உச்சிவேளையில் எண்ணினால் சைக்கிள் எங்கே தெரியும்?

திங்கட்கிழமை நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூட ரோட்டில் பச்சைப் பெயின்ட் அடித்திருந்த சைக்கிள் தடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். நட்டிருந்த பிளாஸ்டிக் கம்பங்களில் மிச்சம் மீதி நின்றதையும் பிடுங்கி வண்டியில் ஏற்றியாகிவிட்டது. ஒரு பக்க அறிக்கையில் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: "யாருமே ஓட்டலை." அதற்குச் சாட்சி, எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோ. காலியான தடம், அதன் ஓரத்தில் நாலு கார்.

அந்த வீடியோவில் கம்பங்களின் நிழலைப் பாருங்கள். காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. உச்சிவேளையில் எடுத்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எட்டு மணிக்கு முன்னாலேயே கரண்டியும் மட்டப்பலகையும் கேரியரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேப்பர் போடுகிறவரும் பால் ஊற்றுகிறவரும் விடியும்போதே வேலையை முடித்துவிட்டார்கள். இவர்கள் யாருமே இல்லாத நேரத்தில் போய் நின்றுகொண்டு, யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆள் இல்லாததால் தடத்தை எடுத்தோம் என்பது உண்மை இல்லை. ஓட்டவே முடியாத ஒன்றைப் போட்டுவிட்டு, ஓட்டவில்லை என்று ஜனங்கள் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அகலம். போட்டிருந்த தடம் ஒன்றேகால் மீட்டர் கூட இல்லை. சாதாரண சைக்கிளின் ஹேண்டில்பாரே 60 செ.மீ. வரும். எவ்வளவு நன்றாக ஓட்டுகிறவரும் நூல் பிடித்தாற்போல் போக முடியாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் ஆடும். ஆக ஒரு ஆளுக்கே ஒரு மீட்டர் வேண்டும். ஒருவரை ஒருவர் முந்த வேண்டுமானால் ஒரு திசைக்கு 2 மீட்டர். இரண்டு திசையும் ஒரே தடத்தில் என்றால் 3 மீட்டர். இது யாரும் கனவில் கண்ட கணக்கு இல்லை. சைக்கிள் தடம் எப்படிப் போடவேண்டும் என்பதற்கென்றே சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 11 என்ற வழிகாட்டி இருக்கிறது. 2015-ல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். டெண்டர் போட்டவர்கள் அதைப் புரட்டியிருக்கலாம்.

அந்த ஒன்றேகால் மீட்டருக்குள்தான் மழைநீர் வடிகாலின் இரும்பு ஜல்லடையும் வருகிறது. கம்பிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று யாராவது குனிந்து பார்த்தார்களா? வண்டி போகும் திசையிலேயே ஓடுகின்றன. சைக்கிளின் முன்சக்கரம் அந்த இடைவெளிக்குள் இறங்கினால் ஓட்டுகிறவர் ஹேண்டிலுக்கு மேல் தூக்கி வீசப்படுவார். ஜல்லடையைக் குறுக்காகத் திருப்பி வைத்தாலே போதும், செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதைச் செய்யாததால் ஜல்லடை வரும் இடத்திலெல்லாம் பிள்ளைகள் ரோட்டுக்குள் வளைந்து வந்தார்கள். பின்னால் வருகிற பஸ்காரர், "தடம் போட்டுக் கொடுத்தும் உள்ளே வர்றாங்க பாரு" என்று ஹாரன் அடித்தார்.

கம்பங்கள் ஏன் ஒரே மாதத்தில் விழுந்தன? மேல் தார்ப்பூச்சின் கனம் நாலு, ஐந்து செ.மீ.தான். அதில் மூன்று சின்ன போல்ட்டைத் திருகி நட்டால், ஒரு லோடு ஆட்டோ உரசினாலே தாரோடு பெயர்ந்து வரும். கீழே கான்கிரீட் போட்டு ஆங்கர் போல்ட் இறக்கியிருக்க வேண்டும். அதைவிட நல்லது, கம்பத்தையே நம்பாமல் தடத்தைச் சாலையிலிருந்து 10 செ.மீ. உயர்த்தி, ஓரத்தில் கல் பதிப்பது. எவ்வளவு நெருக்கமாகக் கம்பம் நட்டாலும் பைக் நுழையும். சைக்கிளும் மூன்று சக்கர நாற்காலியும் போகிற இடைவெளியில் பைக்கும் போகத்தான் செய்யும். அதைத் தடுக்க முதல் சில வாரங்கள் காலையிலும் மாலையிலும் ஒரு போக்குவரத்துக் காவலர் நிற்க வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. நம் ரோட்டில் ஒரு நாள்கூட யாரும் நிற்கவில்லை.

எனக்கு இன்னும் ஆறவே மாட்டேன் என்கிற விஷயம் சந்திப்பு. பச்சைப் பெயின்ட் சிக்னலுக்கு முப்பது மீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டது. ஆபத்து எங்கே அதிகமோ சரியாக அங்கேதான் தடம் இல்லை. காலை எட்டேகாலுக்கு அங்கே நின்று பார்த்தால் தெரியும். அரசு கொடுத்த சைக்கிளில் வரும் பதினொன்றாம் வகுப்புப் பெண் பெயின்ட் முடிந்த இடத்தில் இறங்குகிறாள். பையை முதுகில் இறுக்கிக்கொள்கிறாள். இடதுபுறம் திரும்பும் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, டிரைவருடைய கண்ணாடியையே பார்த்தபடி நடக்கிறாள். அவர் தன்னைப் பார்த்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அந்தக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது. இடதுபுறம் எந்த நேரமும் திரும்பலாம் என்று விட்டிருக்கும் அந்த 'ஃப்ரீ லெஃப்ட்'டை எடுத்துவிட்டு, முனையின் வளைவைச் சுருக்கினாலே வண்டிகள் வேகம் குறைத்துத்தான் திரும்ப முடியும். நிறுத்தக் கோட்டில் சைக்கிளுக்கு வண்டிகளைவிட 4 மீட்டர் முன்னால் இடம் கொடுத்தால் டிரைவர் கண்ணுக்கு நேராக நிற்பார்கள். இரண்டுமே நடக்கவில்லை. அப்புறம் "ஓட்டலை" என்றால் எப்படி?

"இந்த வெயிலில் எவன் ஓட்டுவான்?" என்று கேட்கிறார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்தில் கோடையில் 40 டிகிரி தாண்டும். அங்கே 2006-லிருந்து நாலைந்து வருடத்துக்குள் சாலையிலிருந்து பிரித்த தடம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் போட்டார்கள். துண்டு துண்டாகப் போடாமல் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். வெயில் நமக்கும் இருக்கிறது, நிழலுக்கு மரம் வைக்கலாம். புங்கமும் பூவரசும் வேம்பும் நம் மண்ணில் வளராதா? தடம் போடுவதற்காக இருந்த நாலு புங்க மரத்தையும் வெட்டினார்கள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

"அது நெதர்லாந்து, நம்ம ஊரு வேற." இப்படி அதிகம் சொல்கிறவர்கள் படித்தவர்கள்தான். நெதர்லாந்தும் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. 1971-ல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து என்று பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் தடங்கள் வந்தன. கேட்டு வாங்கினார்கள்.

"ரோட்டில் இடமே இல்லை" என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. காரை நாள் முழுக்க இலவசமாக நிறுத்திவைக்க இடம் இருக்கிறது.

கடைக்காரர்களின் கோபம் வேறு விஷயம், அதை நான் தள்ளமாட்டேன். வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் விழும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. முன்கூட்டியே ஒரு கூட்டம் போட்டுப் பேசாதது பெரிய தவறு. சரக்கு இறக்குவதற்குக் காலை ஏழு மணிக்கு முன் நேரம் ஒதுக்கலாம். பக்கத்துச் சந்தில் நிறுத்துமிடம் குறித்துக் கொடுக்கலாம். கட்டாயம் நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் காரைத் தடத்துக்கு வெளிப்புறம் நிறுத்தவிட்டு, நடுவில் அரை மீட்டராவது விட வேண்டும். இல்லாவிட்டால் திறக்கிற கதவில் சைக்கிள்காரர் மோதுவார். தள்ளுவண்டிக்காரர்களுக்கும் இருபது முப்பது மீட்டருக்கு ஒரு இடம் ஒதுக்கினால் அவர்கள் தடத்துக்குள் நிற்கப்போவதில்லை. பூக்கார அம்மாவை நேரே தடத்துக்குத் தள்ளிவிட்டது அவருக்கு இடம் வரையாத வரைபடம்தான்.

அடுத்தது, "எல்லாரும் பைக் வாங்கிட்டாங்க, சைக்கிள் யாரு வச்சிருக்கா?" 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய 45 சதவீதத்தில் சைக்கிள் இருந்தது. கார் இருந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குப் பிறகு பைக் பெருகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரசே ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறது. கையில் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ஓட்ட வழி கொடுக்காமல் இருப்பது எந்த நியாயத்தில் சேரும்? சென்னை மாநகராட்சி 2014-லேயே, போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஒதுக்குவோம் என்று கொள்கையாகவே ஏற்றது. ஏட்டில் இல்லாத விஷயத்தை யாரும் கேட்கவில்லை.

இப்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து ஊர்வலமாக ஓட்டும் சைக்கிள் கூட்டத்தைப் பற்றி. "பொழுதுபோகாதவங்க, ஹெல்மெட் மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்கிறவங்க" என்று எழுதியிருந்தார்கள். மனது வலிக்கத்தான் செய்தது. ஒரு ஊர்வலத்தை ஒழுங்காக நடத்துவது எவ்வளவு வேலை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். முந்தின வாரம் அதே நேரத்தில் அதே வழியில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏரிக்கரை வழியென்றால் வேலிகாத்தான் முள்ளைக் கூட்டித் தள்ள வேண்டும், இல்லையென்றால் முதல் கிலோமீட்டரிலேயே ஐந்தாறு பஞ்சர். வலதுபக்கத் திருப்பம் குறைவாக இருக்கும்படி வழியை அமைக்க வேண்டும். இருபது பேருக்கு ஒரு குழு, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். வேகம் மணிக்கு 12, 13 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. முதல் தடவைக்கு 8 கிலோமீட்டர் போதும். சிக்னலில் குழு இரண்டாக உடையும், அது இயல்பு. பின்தங்கியவர்கள் சிவப்பில் பாய்வதுதான் ஆபத்து. ஆகவே முன்னால் போகிறவர் சிக்னல் தாண்டி இடது ஓரத்தில் நிற்பார் என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். கடைசி ஆளின் பையில் காற்றடிக்கும் பம்பு, டயர் லீவர் இரண்டு, சொல்யூஷன், ஒட்டு ரப்பர், உப்புத்தாள், இரண்டு வால்வு டியூப், 15 எம்.எம். ஸ்பானர். உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்காமல், சொல்யூஷன் காயும்முன் ஒட்டினால் அடுத்த தெருவிலேயே காற்றுப் போகும். புதுச் சைக்கிள்களில் இன்னொரு தொல்லை, முதல் ஒன்றிரண்டு மாதத்தில் ஸ்போக்ஸ் கம்பிகள் தளரும். அப்போதே கோட்டம் எடுத்துவிட வேண்டும். விட்டால் ரிம் வளைந்து பிரேக்கட்டையில் உரசும். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-ல் தொடங்கிய வழக்கப்படி, இப்போது ஞாயிறுதோறும் காலை 7 முதல் பகல் 2 மணி வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலையை வண்டிகள் இல்லாமல் விடுகிறார்கள். நம் ஊரில் ஒரு கிலோமீட்டரை இரண்டு மணி நேரம் கேட்டதற்கு இவ்வளவு பேச்சு.

அந்தக் கூட்டத்தில்தான் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். செல்ஃபி என்று சொன்னவர்கள் அதைப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பானரை மேல்நோக்கி நிறுத்திப் பின்சக்கரப் பக்கமாகத் திருப்பினால் இரண்டு பெடலும் கழலும், இடதுபக்கத் திருகு தலைகீழ் என்பதை மறந்து எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுகிக்கொள்ளும். சீட்டை இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படும் அளவுக்கு இறக்கி, லேசான சரிவில் காலால் உந்தி உருளவிட வேண்டும். பேலன்ஸ் வந்த பிறகு பெடலை மாட்டலாம்.

புதுக்கோட்டையை மறந்துவிட்டோமா? 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் சைக்கிளையும் எழுத்தையும் சேர்த்தே கொண்டுபோனது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். தண்ணீர்க் குடமும் பிள்ளையும் அதிலேயே போயின. அவர்களையும் அன்றைக்குக் கிண்டல் செய்தார்கள். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு "நம்ம ஜனங்க ஓட்டமாட்டாங்க" என்று ஒரு பக்க அறிக்கை எழுதுகிறார்கள். அந்த அறிக்கையில் எண்ணிய நேரம் போடவில்லை. எண்ணிய இடம் போடவில்லை.

ஆகவே நாமே எண்ணுவோம். வருகிற புதன்கிழமை, பள்ளி வேலை நாள். காலை 6 முதல் 9.30 வரை, மாலை 3.30 முதல் 7 வரை. மூன்று இடம்: பள்ளி வாசல், சிக்னல், ரயில்வே கேட். ஒரு இடத்துக்கு இரண்டு பேர், ஒருவர் எண்ண, ஒருவர் எழுத. 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை. கட்டங்கள் ஐந்து: பள்ளி மாணவிகள், பள்ளி மாணவர்கள், வேலைக்குப் போகும் ஆண்கள், வேலைக்குப் போகும் பெண்கள், சுமை கட்டிய சைக்கிள். டபுள்ஸ் போனால் ஒரு சைக்கிள், இரண்டு ஆள் என்று தனித்தனியே குறிக்க வேண்டும். சிக்னலில் நிற்பவர்கள் மட்டும் ஆறாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள். அட்டையும் பேனாவும் நான் கொண்டுவருகிறேன், காலை நேரத்துக்குச் சிக்னலில் நிற்க இன்னும் ஒரு ஆள் வேண்டும்.