ஏதோ ஒரு சைக்கிள், பதினோரு லட்சம், இரண்டு நிமிடம்

பெங்களூரு நண்பர் ஒருவர் இரண்டு மாத வேலையாக வெளிநாடு போகும்போது தன் சைக்கிளை சேலத்தில் என் வீட்டில் விட்டுப் போனார். ஸ்பெஷலைஸ்டு என்ற அமெரிக்க சைக்கிள் கம்பெனியின் எஸ்-வொர்க்ஸ் ஏதோஸ், உயர்ரக ரோடு பைக். ஆளில்லாத வீட்டில் பூட்டிவிட்டுப் போனால் அவருக்குத் தூக்கம் வராதாம். “நீ ஓட்டு, வேற யாருக்கும் கொடுக்காதே” என்பது ஒப்பந்தம். என் அம்மாவுக்குப் பெயர் வாயில் நுழையவில்லை, “அந்த ஏதோ சைக்கிள்” என்றுதான் இரண்டு மாதமும் சொன்னார். ஒருநாள் மழை வந்தபோது வாசலில் நின்றதை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையேடா” என்றார். விலையை நான் அவரிடம் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன். 2020 அக்டோபரில் வெளிவந்தபோது இதன் விலை சுமார் 13,000 டாலர். இன்றைய மதிப்பில் பதினோரு லட்சத்துக்கு மேல் வரும், இறக்குமதி வரியைச் சேர்க்காமல். இந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் எடை. கார்பன் இழையில் செய்த 56 சைஸ் ஃபிரேம், அதாவது சக்கரமும் மற்றதும் மாட்டாத வெறும் சட்டம், 585 கிராம் என்கிறது கம்பெனி. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முழு வண்டி 5.9 கிலோ. ஆனால் இந்தத் தொழிலில் கம்பெனிகள் சொல்லும் எடை பெரும்பாலும் பெடல் இல்லாமல், பாட்டில் மாட்டும் கூண்டு இல்லாமல் பார்த்தது. பெடல் இல்லாமல் யார் ஓட்டுவது? பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் தொங்கு தராசின் கொக்கியை சீட்டுக்கு அடியில் மாட்டித் தூக்கினேன். பெடல், கூண்டுகள், நண்பர் மாற்றிப் போட்டிருந்த 30 மிமீ டயர்கள் எல்லாம் சேர்த்து 6.6. என்னுடைய எட்டு வருட அலுமினிய வண்டி, அதே பெடல்களோடு, 8.9. வித்தியாசம் 2.3 கிலோ. இரண்டு தண்ணீர் பாட்டில் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ ஏறிவிடும். ஏப்ரல் மாத சேலத்தில் பாட்டில் இல்லாமல் கிளம்ப நான் பைத்தியமில்லை.

சரி, வேகம். ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் ஆயிரம் மீட்டர் ஏற்றம். வாரம் ஒருமுறை நான் ஏறும் பாதை. என் பவர் மீட்டர் பெடல்களை (கால் எத்தனை வாட் தருகிறது என்று அளப்பவை) கழற்றி ஏதோஸில் மாட்டினேன். அப்போதுதான் வண்டி மாறினாலும் அளவுகோல் மாறாது. செக்போஸ்ட்டிலிருந்து 200 வாட்டில் பிடித்துக்கொண்டு ஏறினால் என் வண்டியில் ஒரு மணி 22 நிமிடம் ஆகும், பத்துப் பதினைந்து நொடி முன்னே பின்னே. ஏதோஸில் நான்கு முறை ஏறினேன். நான்குமே ஒரு மணி 20 நிமிடத்தை ஒட்டித்தான் வந்தன.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. ஒரு கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க 9,800 ஜூல் வேண்டும், 200 வாட்டில் அது 49 நொடி. 2.3 கிலோவுக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூட இயற்பியல், எந்த விளம்பரமும் இதை மாற்ற முடியாது. சமவெளியில் இன்னும் மோசம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது ஒரு கிலோ குறைத்தால் மிச்சமாவது அரை வாட்டுக்கும் குறைவு. அங்கே எதிரி காற்று. படபடக்கும் தொளதொளச் சட்டையைக் கழற்றிவிட்டு ஒட்டின மாதிரி ஜெர்சி ஒன்று போட்டால் இதைவிட அதிகம் மிச்சம்.

இத்தனைக்கும் இந்த எடையில் இதைப் பெரிய போட்டிக்கும் கொண்டுபோக முடியாது. உலக சைக்கிள் சம்மேளனமான யுசிஐ 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டியை அனுமதிப்பதில்லை. கார்பன் வந்ததால்தான் எடை இறங்கியது என்று நினைக்கிறோம். ஆனால் 1972இல் மெக்சிகோ சிட்டியில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிய கொல்னாகோ இரும்பு வண்டியே ஆறு கிலோவுக்குள்தான். அதில் பிரேக்கும் கியரும் கிடையாது என்பது வேறு விஷயம். கைப்பிடியில் கூட துளை போட்டுத் துளை போட்டு எடையைக் குறைத்தார்கள்.

இங்கேதான் ஏதோஸ் எனக்குப் பிடித்துப்போனது. போட்டி விதியைக் கண்டுகொள்ளாமல், காற்றைக் கிழிக்கும் வடிவம் என்ற பேச்சே எடுக்காமல் செய்திருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் பழைய காலத்து இரும்பு ரோடு பைக் மாதிரி உருண்டைக் குழாய்கள். இதை வடிவமைத்த பீட்டர் டெங்க் என்ற ஜெர்மானியர் ஸ்காட், கேனன்டேல் கம்பெனிகளிலும் இலேசான ஃபிரேம்கள் செய்தவர். அவர் பிடித்த சூட்சுமம் இது: குழாயின் வடிவம் சரியாக இருந்தால் பாரம் அதன் உடம்பு முழுக்கப் பரவும், ஒரே இடத்தில் போய்க் குவியாது. குவியாவிட்டால் அந்த இடத்துக்கென்று கார்பன் துணியை அடுக்கடுக்காக ஒட்டி பலப்படுத்த வேண்டிய அவசியமில்லை. வடிவம் கோணலாக இருந்தால் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுத்தான் நேர்செய்ய வேண்டும், எடை அங்கேதான் ஏறுகிறது.

ஓட்டும்போது இது எப்படித் தெரிகிறது? ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் ஒரு செங்குத்து வரும். அங்கே நான் எப்போதும் சீட்டை விட்டு எழுந்து மிதிப்பேன். என் அலுமினிய வண்டியில் எழுந்தால், வண்டியை இடது வலதாகச் சாய்த்து இழுக்க வேண்டும், தூக்கம் கலையாத பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற மாதிரி. இதில் எழுந்த முதல் நாள், கையை நான் அசைக்கும் முன்பே ஹேண்டில்பார் வந்துவிட்டது. வண்டி எனக்குக் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தேன். மிதித்த அழுத்தம் எங்கேயும் நெளிந்து வீணாகவில்லை, அதே சமயம் கட்டைபோல விறைப்பாகவும் இல்லை. கடிகாரம் இரண்டு நிமிடம்தான் தருகிறது. கால் அதைவிட அதிகம் வாங்கிக்கொள்கிறது. இருபதாவது வளைவில் இன்னும் இரண்டு வளைவு இருந்தாலும் ஏறலாம் என்று தோன்றியதே, அதை எந்தத் தராசில் வைப்பது?

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சொகுசில் பாதி டயருடையது. என்னுடையது 25 மிமீ, 95 பிஎஸ்ஐ காற்று. அதில் இருப்பது 30 மிமீ, 60 பிஎஸ்ஐ. சந்தேகம் வந்து ஒருநாள் அதற்கும் 90 அடித்து ஓட்டிப் பார்த்தேன். வேகத்தடைகளில் முதுகு சொல்லிவிட்டது. “கார்பன் அதிர்வை உறிஞ்சுகிறது” என்று கடைக்காரர்கள் சொல்லும்போது, எத்தனை காற்று அடித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இறங்கும்போது கொஞ்சம் பயம்தான். வண்டி பதறவில்லை, டிஸ்க் பிரேக் ஒரு விரலுக்கு அடங்குகிறது. பயம் எனக்குள்ளே. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரங்கு குறுக்கே பாய்ந்தால் பதினோரு லட்சம் என்னாகும் என்ற நினைப்பு. கார்பன் மிதிப்பதற்குப் பலமானது, குறுக்கடிக்கு அப்படியில்லை. இவ்வளவு மெல்லிய குழாயை ரிப்பேர் ஸ்டாண்டின் பிடியில் நெரிக்கக் கூடாது, சீட் தண்டைத்தான் பிடிக்க வேண்டும். மேல் குழாயில் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது. எனக்கு ஏற்கெனவே சூடு பட்ட அனுபவம் உண்டு. முன்பு ஆசைப்பட்டு ஒரு கார்பன் சீட் தண்டு வாங்கிப் போட்டேன். ஒரு கடையில் பையன் அலன் சாவியை எடுத்து, இரும்புக்கு முறுக்குகிற மாதிரி முறுக்கினான். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஏழாயிரம் ரூபாய். எவ்வளவு முறுக்கலாம் என்பது, ஐந்து நியூட்டன் மீட்டர் என்று, அதன் மேலேயே அச்சிட்டிருந்தது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், படித்துச் சொல்லவில்லை. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் சாவி இல்லாத வீட்டில் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பது ஆபத்து.

யாராவது என்னிடம் வாங்கலாமா என்று கேட்டால்: நேரத்தைக் குறைக்க என்றால் வேண்டாம். எனக்கே இடுப்பைச் சுற்றி நான்கு கிலோ இருக்கிறது, அதைக் குறைக்க வரியும் இல்லை. நிறைய காசு இருக்கிறது, மலை ஏறுவது பிடிக்கும், யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை என்றால், இதைவிட நல்ல வண்டியில் நான் உட்கார்ந்ததில்லை. கையில் இரண்டு லட்சம்தான் என்றால் சாதாரண கார்பன் ஃபிரேம், நல்ல சக்கரம், நல்ல டயர். ஏற்காடு அதற்கும் வழி விடும்.

போன ஞாயிறு நண்பர் வந்து எடுத்துப் போய்விட்டார். திங்கள் காலை என் வண்டியில் ஏறினேன். முதல் மூன்று வளைவு வரை ஏதோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரியே இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. டயர் மட்டும் ஆர்டர் போட்டிருக்கிறேன். 30 என் ஃபிரேமில் நுழையாது, 28தான்.