கைரேகை போனை விட்டு வெளியே போகிறதா?

எங்கள் ரோஸ் ஹில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: விரல் வைத்துப் போனைத் திறந்தால் கைரேகைப் படம் கம்பெனிக்குப் போய்விடுமாம், அதை வைத்து வங்கிக் கணக்கையே துடைத்துவிடுவார்களாம். தவறு.

ஐபோனில், 2013-இல் 5எஸ் வந்த நாளிலிருந்தே, ரேகை படமாக இருப்பதில்லை. அதைக் கணித எண்களாக மாற்றி, சிப்புக்குள் தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் வைக்கிறார்கள், அது ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடுக்கும் போகாது. ஆண்ட்ராய்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். வங்கிச் செயலி கேட்டால் போன் சொல்வது ‘பொருந்துகிறது’ அல்லது ‘பொருந்தவில்லை’, அவ்வளவுதான், ரேகையைக் காட்டாது.

பயம் சும்மா வரவில்லை, அதையும் சொல்லணும். 2013-இல் இங்கே மொரிசியஸில் புது அடையாள அட்டைக்கு எல்லோருடைய ரேகையையும் எடுத்தார்கள்; அதை அரசு சேமித்து வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது ஒரே இடத்தில் குவித்த சேமிப்பு, போன் விஷயம் வேறு.

போனிலும் கோளாறு நடந்திருக்கிறது. எச்டிசி ஒன் மேக்ஸ் என்ற ஆண்ட்ராய்டு போனில் ரேகைப் படம் பூட்டில்லாமல் கிடந்ததை 2015-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

சரி, அந்தப் பதிவை அனுப்பிய மாமாவின் போனை வாங்கி அமைப்புகளைத் திறந்தேன். மூன்று விரல் பதிவாகியிருந்தது, அதில் ஒன்று பேரனுடையது!