காமா பெரிதாக வந்தால் உறவு பலமானது என்று பொருளில்லை

"டௌ-பி 0.58 தான் காட்டுது, காமா 1 காட்டுது. வரிசைநிலைத் தரவுக்குக் காமாதான் துல்லியம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காமா, டௌ-பி இரண்டும் வரிசைநிலைத் தரவில், அதாவது குறைவு, நடு, கூட என்று அடுக்கக்கூடிய விடைகளில், இரண்டு விஷயங்களின் உறவை -1 முதல் 1 வரை அளக்கும் எண்கள். இது ஆட்களைத் தவறான வழியில் விடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் 20 கமக்காரரிடம் சிறுபோகத் (வறட்சிக் காலப் பயிர்) தண்ணீர் பற்றிக் கேட்கிறோம். வாய்க்கால் தலைப்பில் 10 பேர், எல்லாருக்கும் திருப்தி. கடைசியில் 10 பேர், 5 பேருக்குத் திருப்தி, 5 பேருக்கு இல்லை. ஆட்களைச் சோடி சோடியாக ஒப்பிட்டால் 190 சோடிகள். 50 சோடிகள் ஒரே திசை, அதாவது தலைப்புக்காரருக்குத் திருப்தி, கடைசிக்காரருக்கு இல்லை. எதிர்த்திசை ஒன்றுமில்லை. மிச்சம் 140 சோடிகளில் இருவரும் இடத்திலோ திருப்தியிலோ சமம்.

காமா அந்த 140ஐயும் தூக்கி எறிந்துவிட்டு 50ஐ 50ஆல் வகுக்கிறது. விடை 1. கடைசி வயல்காரரில் பாதிப் பேர் திருப்தி என்கிறார்கள், பிறகு என்ன முழுமையான உறவு? டௌ-பி ஒன்றில் மட்டும் சமமான சோடிகளையும் பகுதியில் (வகுக்கும் எண்ணில்) சேர்ப்பதால் 0.58 வருகிறது. இரண்டுக்கும் தொகுதியில் வருவது ஒரே திசைச் சோடிகளுக்கும் எதிர்த்திசைச் சோடிகளுக்கும் உள்ள அதே வித்தியாசம்தான். ஆகவே குறியை விட்டுப் பார்த்தால், காமா எப்போதுமே டௌ-பிக்குச் சமமாகவோ கூடவோதான் இருக்கும். கூட வருவது துல்லியத்துக்குச் சான்றல்ல.

இடம்தான் திருப்தியைத் தீர்மானிக்கிறது என்று பார்ப்பதானால் சோமர்ஸ் டி (1962) என்ற அளவு இன்னும் பொருத்தம். இடம் வேறுபடும் சோடிகள் 100, ஆகவே இங்கே 50/100, அதாவது 0.5. அப்புறம், 3க்கு 5 மாதிரிச் சதுரமில்லாத அட்டவணையில் டௌ-பி 1ஐத் தொடாது, அதற்கு டௌ-சி இருக்கிறது. காமாவைப் போடுங்கள், தடையில்லை. சமச் சோடிகள் எத்தனை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.