சித்தப்பா போட்ட டிக்

சித்தப்பாவின் மஞ்சள் பையில் பதினைந்து வருடத்து ரத்தப் பரிசோதனைத் தாள்கள் இருக்கின்றன. சர்க்கரை வந்த நாளிலிருந்து ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் என்ற வரிக்குப் பக்கத்தில் அவரே பேனாவால் ஒரு டிக் போட்டு வைத்திருக்கிறார். 0.9, 1.0, 1.1. எல்லாம் நார்மல்தானே என்று கடைசி இரண்டு வருடம் பரிசோதனைக்கே போகவில்லை. போன தை மாதம் செருப்பு வாரின் தடம் வீங்கிய புறங்காலில் பள்ளமாக விழுந்து இரவு வரை மறையாமல் கிடந்ததைச் சித்திதான் பார்த்தார். இப்போது கிரியேட்டினின் 1.9. சிறுநீரில் வெகுநாளாகவே நுரை இருந்ததாம். கழிவறை கழுவும் மருந்தின் நுரை என்று நினைத்தாராம் மனிதர்.

அந்த டிக்குகளின் மேல்தான் எனக்குக் கோபம். ஒரு சிறுநீரகத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 180 லிட்டரை வடிகட்டி, தேவையானதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவில் வெளியே விடுகின்றன. சில வடிகட்டிகள் செத்தால் மிச்சமிருப்பவை அந்த வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு அண்ணன் படுத்துவிட்டால் தம்பி இரண்டு மடங்கு உழைப்பான். அடுப்பு எரிவதைப் பார்க்கும் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய பாதி வடிகட்டிகள் போன பிறகும் கிரியேட்டினின் நார்மலாகவே நிற்கலாம்.

1926-இல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் உடல் தன்னைத்தானே சீராக வைத்துக்கொள்ளும் இந்தச் சமநிலைக்கு ஹோமியோஸ்டேசிஸ் என்று பெயர் வைத்தார். பள்ளியில் இதை உடலின் அற்புதம் என்று படித்தோம். அதற்கு உடல் கொடுக்கும் விலையை யாரும் சொல்லித்தரவில்லை. அதிகச் சுமை ஏற்ற வடிகட்டிக்குள் அழுத்தம் கூடி, அதுவும் தழும்பேறிச் சாகிறது. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் பலருக்குச் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிகட்டும். தாளில் உள்ள அளவை மட்டும் பார்த்தால் ஆரோக்கியசாலியைவிட ஆரோக்கியம்! சமாளிப்பே நோயை வளர்க்கிறது.

  

வடிகட்டி கசியத் தொடங்குவது ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்குவதாக முதலில் தெரியும், பெரும்பாலும் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்பே. ஒரு சிறு டப்பா சிறுநீர் போதும். அப்போதே பிடித்துவிட்டால், வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில அந்த வேலையையும் செய்கின்றன. சேதம் பல வருடம் தள்ளிப்போகும். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டிய சோதனை இது.

நேற்று பையைக் கொட்டித் தேடினேன். அத்தனை தாள்களில் ஒன்றில்கூட அல்புமின் என்ற வரி இல்லை.