எர்திக்கைச் சாய்த்தது வரி மட்டுமல்ல

வேல்ஸில், ரெக்சம் அருகிலுள்ள எர்திக் பண்ணையும் மாளிகையும் நொடித்ததற்கு வாரிசு வரிதான் (உரிமையாளர் இறந்ததும் சொத்துக்கு விதிக்கும் வரி) காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. 1947இல் நிலக்கரி அரசுடைமையான பிறகு, பெர்ஷம் சுரங்கத்தை மாளிகைக்கு அடியிலேயே வெட்டிக்கொண்டு போனார்கள். கட்டடம் சுமார் 5 அடி இறங்கியது. ஒரே சீராக இறங்கினாலாவது தப்பும். ஒரு பக்கம் கூடுதலாக அமிழ்ந்தால் கூரையின் ஈயத்தகட்டு வாய்க்காலில் வாட்டம் மாறி, மழைநீர் தேங்கி, உத்தரம் உளுத்துப்போகும். மாளிகையில் இருந்த சீனப்பட்டுத் திரைக் கட்டிலின் மேலேயே ஒழுகியது! குத்தகை வரவெல்லாம் இதற்கு எந்த மூலைக்கு? 1973இல் மாளிகை, பழம்பெரும் கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கைக்குப் போனது. சுரங்கத்தை நடத்திய அரசு நிலக்கரி வாரியம் தந்த இழப்பீடு 1,20,000 பவுண்டு. மராமத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது 63 ஏக்கர் பூங்கா நிலத்தை விற்ற பணம்தான். நகரத்தை ஒட்டிய நிலமாயிற்றே, வீட்டுமனை விலைக்குப் போனது.