பனிப்போர் காலத்து விண்வெளி மருத்துவம்: ஒரு திருத்தம்

நம்ம ராயபுரம் குழுவில் காலையிலிருந்து சுற்றும் பதிவு இப்படிச் சொல்கிறது: பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் விண்வெளி மருத்துவத்தில் எதையுமே பகிர்ந்துகொள்ளவில்லை, 1998-ல் சர்வதேச விண்வெளி நிலையம் தொடங்கிய பிறகுதான் கைகோத்தார்கள் என்று. பதிவு போட்ட அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது சரியில்லை.

1975 நவம்பரில் சோவியத் ஏவிய காஸ்மாஸ் 782 செயற்கைக்கோளிலேயே அமெரிக்க விஞ்ஞானிகளின் சோதனைகள் போயின. எலிகள், மீன் முட்டைகள், கேரட் திசு என்று ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையே அதில் இருந்தது. எடையற்ற நிலையில் உடலுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. 1982-ல் இரு நாட்டு விண்வெளி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அப்படியும் உயிரியல் வேலை நிற்கவில்லை. 1983 டிசம்பரில் காஸ்மாஸ் 1514-லும் அமெரிக்கச் சோதனைகள் இருந்தன. எனக்கு வியப்பே இந்த இடம்தான்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைக் களஞ்சியம் இணையத்தில் இலவசம். அதில் 'காஸ்மாஸ் 782' என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தக் கால அறிக்கைகளே கிடைக்கும். அப்புறம், இரு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து எழுதி 1975-ல் வந்த விண்வெளி உயிரியல், மருத்துவத் தொகுதிகளும் உண்டு. பதிப்பாசிரியர்கள் அமெரிக்காவின் மெல்வின் கால்வின், சோவியத்தின் ஒலெக் கசென்கோ. முதல் பக்கத்தைப் பார்த்தாலே போதும், இரண்டு பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.