மேடையில் கதைக்க வருமாம்

போன கிழமை கொக்குவிலில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணை, எனக்கு மேடையில நல்லாக் கதைக்க வரும். உங்களை மாதிரி நிறுவனங்களுக்குப் பயிற்சி குடுக்கிற வளவாளர் ஆகலாமோ?" பிளேன்ரீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆகலாம். ஆனால் மேடையில் கதைக்க வருவது இந்தத் தொழிலில் உபகாரத்தை விட உபத்திரவம்தான். நிறுவனங்களுக்குள் பயிற்சி கொடுக்கத் தொடங்கிய முதல் மூன்று வருடமும் நான் வடிவாகத்தான் கதைத்தேன். ஆட்கள் சிரித்தார்கள். பின்னேரம் மதிப்பீட்டுப் படிவத்தில் 'மிக நன்று' என்று எழுதித் தந்தார்கள். அந்தப் படிவங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தேன் (சிரிக்காதீர்கள்).

ஒருநாள் லீசிங் காசு கட்ட ஒரு கிளைக்குப் போனேன். இரண்டு மாதத்துக்கு முன் என் செயலமர்வில் முன்வரிசையில் இருந்து, பிழையை எப்படித் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது என்று எல்லாருக்கும் நடித்துக் காட்டிய மேற்பார்வையாளர் அங்கே நின்றார். வரிசையில் ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க, காசாளர் பிள்ளையிடம் "உமக்கு எத்தினை தரம் சொல்லுறது?" என்று கத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "சேர், அண்டைக்கு உங்கட கிளாஸ் அந்த மாதிரி!"

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கெர்க்பற்றிக் 1959இலேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொல்லிவிட்டார்: பிடித்ததா, படித்தார்களா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. எங்கள் ஊரில் முதல் படியோடு றோல்ஸ் வந்துவிடும், குழுப்படம் எடுத்து வீட்டுக்குப் போய்விடுவோம்.

இப்போது வேலையை ஒத்துக்கொள்ள முதல் ஒருநாள் அங்கே போய்ச் சும்மா இருக்கக் கேட்கிறேன். ஒரு இடத்தில் வாடிக்கையாளர் சேவைப் பயிற்சி வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்று கவுண்டருக்கும் ஒரே பிரிண்டர், அதுவும் மண்டபத்தின் மற்ற மூலையில். ஒவ்வொரு ரசீதுக்கும் பிள்ளைகள் எழும்பி நடக்கிறார்கள். பிரிண்டர் வாங்குங்கள், பயிற்சி வேண்டாம் என்றேன். என் காசு போனது.

கோச்சிங், அதாவது ஒருவரைத் தனியாக இருத்திக் கேள்வி கேட்டு அவரையே யோசிக்க வைப்பது, இன்னொரு கதை. ஆங்கிலப் பயிற்சிக் கையேட்டில் இருக்கிற கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் எங்கள் ஆட்களிடம் எடுபடாது. "ஏன் பிந்தினீர்?" என்றால் அது விசாரணை, உடனே காரணம் தேடத் தொடங்குவார். "என்ன நடந்தது?" என்றால் கதை வரும். 'நீர்' போட்டுக் கதைக்கிற முகாமையாளர் அன்றைக்கு மட்டும் திடீரென்று 'நீங்கள்' போட்டாலும் ஆள் பயந்துவிடும், வேலை போகப்போகுதோ என்று. எல்லாவற்றையும் விடக் கஷ்டம், கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது. ரியூசனில் வளர்ந்த எங்களுக்குப் பத்து செக்கன் மௌனம் தாங்காது, பதிலையும் நாங்களே சொல்லிவிடுவோம்.

அப்புறம், அந்த 7-38-55 ஸ்லைடைத் தயவு செய்து போடாதீர்கள். சொல்லுக்கு 7 சதவீதம்தான், மிச்சம் குரலும் உடல்மொழியும் என்று நானும் வருடக்கணக்காகப் போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு வந்த, உளவியலாளர் அல்பேர்ட் மெஹ்ராபியனின் 1967ஆம் ஆண்டு ஆய்வுகள் உணர்வைப் பற்றியவை. சொல்லும் தொனியும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புகிறோம் என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தும் என்றால், சிங்களம் தெரியாமல் கொழும்புக்குப் போன எனக்கு 93 சதவீதம் விளங்கியிருக்க வேண்டுமே!

தம்பி, வாற செவ்வாய் சுன்னாகத்தில் ஒரு கடையில் இருப்பேன். விருப்பம் என்றால் வாரும். ஒரு கதிரை போட்டுத் தருவேன், பின்னேரம் வரை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது.